மலைமேல் ராகம், மலையடியில் மாத்திரை

மனசு சரியில்லையா? கவலையை விடுங்கள். சின்னமனூர் வரைக்கும் வந்து சேர்ந்தால் போதும், அங்கிருந்து ஜீப் வைத்து ஏற்றிக்கொள்வார்கள். தென்பழனி சோதனைச் சாவடி தாண்டியதும் 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் பூக்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். வாந்தி எடுப்பவர் எந்தப் பூவில் எடுத்தோம் என்று ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். மேலே இறங்கியதும் மூலிகைத் தேநீர், ஏலக்காய் மாலை, தோளில் ஒரு சால்வை. அப்புறம் பாயில் மல்லாந்து படுக்கவைத்து, தலைமாட்டில் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுவார்கள். இதற்கு ஒலிக்குளியல் என்று பெயர். சோப்பு தேவைப்படாது. பர்ஸ் தேவைப்படும்.

இது ஏதோ ஒரு முகாமின் நோட்டீஸ் என்று நினைக்க வேண்டாம். வாட்ஸப்பில் வந்து விழுந்த பலவற்றைச் சேர்த்து வடிகட்டி எழுதுகிறேன். மேகமலை, கொடைக்கானல், வாகமண், ஏற்காடு என்று ஊர் மாறும்; சரக்கு மாறாது. முதல் நாள் விடியலில் பூபாளம். மத்தியானம் வண்ணப் பென்சில் கொடுத்து, உங்களுக்குள் ஒளிந்திருக்கும் குழந்தையை வெளியே அழைக்கச் சொல்வார்கள். நீங்கள் கிளம்பிப்போன பாவத்துக்கு, வீட்டில் விட்டுவந்த நிஜக் குழந்தை பாட்டியிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் காலை சான்றிதழ். குணமாகிவிட்டீர்கள் என்பதற்கான சான்றிதழ் என்று நினைத்தால் நீங்கள் அப்பாவி. நீங்களே இனி நாலு பேரைக் குணப்படுத்தலாம் என்பதற்கான சான்றிதழ் அது. வந்தவரை எல்லாம் வைத்தியராக்கி அனுப்பும் ஆஸ்பத்திரி உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

நோட்டீஸோடு ஒரு ராகப் பட்டியலும் வரும். ஆனந்த பைரவி ரத்த அழுத்தத்துக்கு. நீலாம்பரி தூக்கமின்மைக்கு. சங்கராபரணம், கேட்டுக்கொள்ளுங்கள், மனநோய்க்கு. வேளைக்கு எத்தனை ஆவர்த்தனம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, சர்க்கரை உள்ளவர்கள் கேட்கலாமா என்ற விவரம் மட்டும் இருக்காது. பக்க விளைவு இல்லை என்று கொட்டை எழுத்தில் இருக்கும். விளைவே இல்லாத ஒன்றுக்குப் பக்க விளைவு எங்கிருந்து வரும்?

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரைக்கும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பறை எந்த நோயைத் தீர்க்கும் என்று அதில் இருக்காது. உறுமி இருக்காது. நையாண்டி மேளம் இருக்காது. துக்கத்துக்கென்றே பெண்கள் கட்டி, துக்கம் நடந்த வாசலிலேயே மாரடித்துப் பாடி, அழுது முடித்து எழுந்து அடுப்புப் பற்றவைக்கப் போனார்களே, அந்த ஒப்பாரியும் இருக்காது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒரு ஆள் தொட்டிலிலிருந்து கேட்டு வளர்ந்த ஓசை எதுவுமே மருந்தாகத் தேறவில்லை. நோய்க்கு ஜாதி கிடையாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். மருந்துக்கு உண்டு போலிருக்கிறது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இசைச் சிகிச்சை என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் உடலும் மனமும் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் இசைக்கலைஞர்களை அழைத்து வாசிக்கவைத்தார்கள். வெறுமனே வாசித்துவிட்டுப் போனால் போதாது, நோயும் தெரிந்திருக்க வேண்டும் என்று அப்போதே உறைத்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1944இல் இதற்கென்று படிப்பையே தொடங்கியது. படித்த சிகிச்சையாளர் என்ன செய்வார் தெரியுமா? மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒருவர் முன்னால் ஒரு டிரம்மை வைப்பார். தானும் ஒன்றோடு உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் நடக்காது. மறுநாளும் நடக்காது. ஒருநாள் அந்த ஆள் கோபத்திலோ சலிப்பிலோ ஒரு தட்டுத் தட்டுவார். இவர் அதே போல ஒரு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான். அவர் இரண்டு தட்டினால் இவரும் இரண்டு. நான் செய்தது இன்னொருவர் காதில் விழுந்தது என்ற செய்தி அந்த மனசுக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆகும். இதில் ராகம் எங்கே இருக்கிறது? கிண்ணம் எங்கே இருக்கிறது? பொறுமையும் பயிற்சியும் மாதாமாதம் சம்பளம் வாங்கும் ஒரு மனிதரும்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த வகை நம் ஊருக்கு வரவில்லை, கிண்ணம் வந்துவிட்டது.

மருத்துவ ஆய்வுகளைக் கறாராகச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் குழு 2017இல் இரண்டு அறிக்கை வெளியிட்டது. ஒன்று மனச்சோர்வுக்கும் இன்னொன்று மனச்சிதைவுக்கும் இசைச் சிகிச்சை உதவுகிறதா என்பது பற்றியது. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் தெரிகிறது என்று இரண்டும் சொல்லின. முகாம்காரர் "பலன் தெரிகிறது" என்பதை எடுத்துப் பெரிதாக அச்சடிப்பார். "வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து" என்பது அச்சகத்தில் எங்கோ உதிர்ந்துவிடும். அந்த மூன்று வார்த்தைக்குள் டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, மாதம் தவறாமல் வந்துபோகும் பஸ் இருக்கிறது. அதெல்லாம் அழகான போட்டோவாக வராது.

ஓவியத்துக்கு இதைவிடக் கசப்பான பாடம் இருக்கிறது. பிரிட்டனில் மனச்சிதைவு உள்ள 417 பேரை வைத்துக் குழுவாக ஓவியச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது: வரைந்தவர்களுக்கும் வரையாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பலர் வகுப்புக்கே ஒழுங்காக வரவில்லை. இதைச் செய்தவர்கள் ஓவியத்தின் விரோதிகள் இல்லை. நல்லது நடக்கும் என்று நம்பித்தான் செய்தார்கள். நடக்கவில்லை என்றதும் நடக்கவில்லை என்று எழுதினார்கள். இந்த நாணயம் நம்மூர் மண்டலா வகுப்பில் எந்த அமர்வில் கற்றுத் தரப்படுகிறது என்று யாராவது விசாரித்துச் சொன்னால் நானே பணம் கட்டிச் சேர்ந்துவிடுகிறேன்.

பைத்தியக்காரத்தனம் நமக்கு மட்டும் சொந்தம் என்று தாழ்வு மனப்பான்மையும் வேண்டாம். மொசார்ட் கேட்ட கல்லூரி மாணவர்கள் சில நிமிஷங்களுக்கு ஒரு புதிரைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள் என்று 1993இல் ஒரு பக்க அளவில் ஓர் ஆய்வு வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத் தட்டு கொடுக்க 1998இல் பட்ஜெட்டில் 1,05,000 டாலர் கேட்டார். குழந்தைக்குப் பால் வாங்கக் கேட்டிருந்தால் சட்டசபையில் எத்தனை கேள்வி வந்திருக்குமோ.

சரி, மலைக்கு வருவோம். முகாம் நடக்கும் பங்களாவுக்குக் கீழே தேயிலைச் சரிவில் லைன் வீடுகள் இருக்கின்றன. ஹைவேவிஸ், மணலாறு, மேல் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு என்று தோட்டம் தோட்டமாக ஆட்கள் மூன்று நான்கு தலைமுறையாக அங்கேதான் கொழுந்து எடுக்கிறார்கள். அட்டைக்கடி, பனி, மழை, மாலையில் எடைத் தராசு. நோட்டீஸில் இவர்களும் வருவார்கள், தூரத்தில், பச்சைக்கு நடுவே சிவப்புப் புள்ளியாக. இயற்கையின் ஒரு பகுதி.

அந்தச் சிவப்புப் புள்ளி ஒன்றுக்கு இருபது வயதில் ஒரு மகன் இருக்கிறான் என்று வையுங்கள். இப்படி ஒரு தாயை எந்த மலையிலும் காணலாம் என்பதால் பெயர் தேவையில்லை. பையன் காதில் யாரோ பேசுகிறார்கள். ராத்திரி தூங்குவதில்லை. சோற்றில் விஷம் வைத்திருக்கிறாய் என்று அம்மாவையே சந்தேகப்படுகிறான். இவனுக்கு வேண்டியது ரிஸ்பெரிடோனோ ஓலான்சபினோ, விலை சொன்னால் அந்தக் கிண்ணத்துக்கே அவமானம், அவ்வளவு மலிவு. அதை எழுதிக்கொடுக்க ஒரு மனநல மருத்துவர் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் தாலுகா ஊர்களுக்கு முறை வைத்து வருவார். அந்தக் கிழமை தெரிந்து, விடியலில் பஸ் பிடித்து, அத்தனை பூவையும் இறங்கிக் கடந்து வர வேண்டும். இல்லையென்றால் தேனியையும் தாண்டிக் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அன்றைய கூலி போச்சு. பையன் பஸ்ஸில் எழுந்து கத்தினால் கண்டக்டர் முதல் கடைசி சீட்டுக்காரர் வரைக்கும் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். ஓபி சீட்டு, வரிசை, பெயர் கூப்பிட்டதும் அரை நாற்காலியில் உட்கார்ந்து நாலு கேள்வி. டாக்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெளியே இன்னும் அறுபது பேர் நிற்கிறார்கள். இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான். முக்கால் டாக்டரிடம் முழுசாகப் பேச நேரம் ஏது?

மாத்திரை கிடைத்தால் பதினைந்து நாளோ ஒரு மாதமோ வண்டி ஓடும். அப்புறம் மறுபடி இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால், பஸ் நின்றால், கூலி போனால், மாத்திரை நிற்கும். மாத்திரை நின்றால் காதில் பேசுகிறவர்கள் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு மட்டும் பஸ் தேவையில்லை.

மேலே பங்களாவில் அதே இரவில் போனுக்கு சிக்னல் இல்லை என்று ஆனந்தப்பட்டுக்கொண்டிருப்பார்கள். நோட்டீஸில் அதை "டிஜிட்டல் நோன்பு" என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம். மத்திய அரசு 2022 அக்டோபரில் 14416 என்று ஒரு எண் கொடுத்தது. எந்நேரமும் கூப்பிடலாம், மனநல ஆலோசனை இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். நல்ல காரியம், கிண்டல் இல்லை. ஆனால் லைன் வீட்டிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவர் விழும் மேட்டைத் தேடி யானை நடமாடும் இருட்டில் ஏற வேண்டும். ஒரே சிக்னலின்மை: பங்களாவில் சிகிச்சை, லைன் வீட்டில் சாபம்.

யானை என்றதும் ஞாபகம் வருகிறது. 2023இல் அரிக்கொம்பன் என்ற யானையைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் நடந்து வந்து, மே 27ஆம் தேதி கம்பம் டவுனுக்குள்ளேயே புகுந்தது. ஊரில் 144 தடை உத்தரவு. கழுத்தில் ரேடியோ காலர். எந்த மேட்டில் நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரிந்துகொண்டே இருந்தார்கள். கும்கிகள் வந்தன, கால்நடை மருத்துவர்கள் வந்தார்கள், மயக்க ஊசியின் அளவு வரைக்கும் டிவியில் பேசினார்கள். ஜூன் 5ஆம் தேதி பிடித்து, லாரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டே களக்காடு முண்டந்துறைக்குக் கூட்டிப்போனார்கள். அரிசி தின்னும் யானைக்கு அரசு இத்தனை செய்ததில் எனக்குச் சந்தோஷம்தான். இதே பள்ளத்தாக்கில் மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டைவிட்டு நடந்துபோன ஒரு மனிதன் எந்த பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறான் என்று கேட்டால் மட்டும் ஒரு துறைக்கும் தெரியாது. அவனுக்கும் ஒற்றைத் தந்தம் முளைத்தால்தான் செய்தியோ?

கண்ணியமான ஆட்கள் இந்த இடத்தில் குறுக்கிட்டு, நம் முன்னோர் இசையால் நோய் தீர்த்தார்கள், அது நம் மரபு என்பார்கள். முன்னோர் என்றால் பொத்தாம்பொதுவாக வேண்டாம், ஆளையே காட்டுகிறேன். மேகமலைத் தண்ணீர் விழும் சுருளி மலைக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு இளைஞர் போனார். அங்கே கருணானந்தர் என்ற துறவியிடம் சித்த மருத்துவம் கற்றார். பிறகு தஞ்சாவூரில் குடியேறி, குருவின் பெயரில் சஞ்சீவி மருந்துகள் செய்து கடல் கடந்தும் விற்றார். ஆபிரகாம் பண்டிதர்தான். அந்த மருந்தில் வந்த பணத்தைக் கொட்டி 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் நடத்தினார், 1916இல் பரோடா போய்ச் சுருதிக் கணக்கை முன்வைத்தார், 1917இல் அந்தத் தலையணைப் புத்தகம் கருணாமிர்த சாகரத்தை அச்சிட்டார். மருந்தும் தெரிந்த, இசையும் தெரிந்த மனிதர். மருந்து விற்ற காசில் இசையை ஆராய்ந்தார். இன்றைக்கு அவர் ஏறிய மலைத்தொடரிலேயே, மருந்தும் தெரியாமல் இசையும் தெரியாமல், இசையை மருந்தென்று விற்றுக் காசு பார்க்கிறார்கள். மரபாம்.

இன்னொரு மரபும் இருக்கிறது, அதை நோட்டீஸ்காரர்கள் வாயில் வைக்கவே மாட்டார்கள். கோடாங்கி. பள்ளத்தாக்கில் அந்தப் பையனின் அம்மா டாக்டரிடம் வருவதற்கு முன்னால் போயிருக்கும் இடம் அதுதான். உடுக்கைச் சத்தம் ஏற ஏற, வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வாய் திறக்காத மருமகள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டு, பேயின் பெயரைச் சொல்லிக்கொண்டு மாமியாரைப் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். மற்ற நாளில் கேட்டிருந்தால் பல் இருந்திருக்காது. கோடாங்கி பக்கத்தில் உட்கார்ந்து, நீ யார், எங்கிருந்து வந்தாய், உனக்கு என்ன குறை என்று பொறுமையாகக் கேட்பார். தட்டுவதும் பதிலுக்குத் தட்டுவதுமாக அந்த அமெரிக்கப் படிப்பின் பாடம் பாதி இங்கேயே இருக்கிறது. ஊரே கூடி உட்கார்ந்து கேட்பது உபரி. வெற்றிலை பாக்கில் பத்தோ இருபதோ வைத்தால் போதும்.

உடனே கோடாங்கியைத் தூக்கிக் கோபுரத்தில் வைக்கும் உத்தேசம் எனக்கில்லை. வேப்பிலை அடி சவுக்கடியாவதும், புளியமரத்தில் ஆணியடித்து முடியைப் பிடுங்குவதும் அந்த உடுக்கையின் இன்னொரு பக்கம். மனச்சிதைவை உடுக்கை தீர்க்காது. அங்கும் தீராதபோது அடுத்து தர்கா, கோயில், குணசீலம் என்று கூட்டிப்போவார்கள். ஏர்வாடிக்கும் அப்படித்தான் கூட்டிப்போனார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியலில் அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கரிந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் நாட்டுக்கு விழிப்பு வந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. அத்தியாவசிய மனநல மருந்துகள் வட்டார அளவிலான அரசு மருத்துவ நிலையங்களிலிருந்து மேலே எல்லா இடத்திலும், எல்லா நேரமும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. காப்பகத்தில் இருப்பவருக்குப் பொழுதுபோக்கு வசதி கூட உரிமை என்கிறது. பாட்டும் படமும் அந்த உரிமைக்குள் வரும். யாரும் தயவு பண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டத்தை விடுங்கள், விழா இருக்கிறதே. அக்டோபர் 10 உலக மனநல நாள். அன்றைக்கு நாடு முழுக்க மனநலத்துக்குக் கோலம் போடுவார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மூளையும் அதிலிருந்து பறக்கும் பட்டாம்பூச்சியும் வரைவார்கள். ஓவியப் போட்டி, கவிதைப் போட்டி, சுவரொட்டிப் போட்டி, முதல் மூன்று பேருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஒரு பிரமுகர் வந்து இசைக்கு மனத்தை வசப்படுத்தும் சக்தி உண்டு என்று பேசி, மைக் கரகரப்பதால் பாதியில் நிறுத்துவார். கோலத்தைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கோலத்தைத் தாண்டி மருந்து வாங்கப் போகிறவரிடம், "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். நாட்டில் பல ஜன்னல்களுக்கு அந்த ஒரே குரல்தான். 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை என்றது. அந்த 85 பேருக்கும் கோலம் போட மைதானம் பத்தாது.

தற்கொலைத் தடுப்பு என்றாலும் இதே கதை. இலங்கையில் ராகம் பாடித் தற்கொலையைக் குறைக்கவில்லை. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள்; இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. நம் மாநிலமும் ஆறு பூச்சிமருந்துகளைத் தடை செய்தது, 60 நாளுக்கு. துக்கம் இரண்டு மாதத்தில் ஆறிவிடும் என்று எண்ணியிருக்கலாம். திராட்சைப் பந்தலும் ஏலத்தோட்டமும் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கில் அந்த 61ஆம் நாளைப் பற்றிப் பேச ஒரு விழாவும் இல்லை.

கலையைக் கையிலெடுத்துக்கொண்டு ஆளைக் கைவிடுவது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகமே சாட்சி. ஹைடல்பெர்க் மனநல மருத்துவமனையில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் நோயாளிகள் வரைந்த படங்களை ஆயிரக்கணக்கில் சேகரித்து, 1922இல் புத்தகம் போட்டார். ஐரோப்பிய ஓவியர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். நாஜிகள் வந்ததும் அதே படங்களில் சிலவற்றை 1938 முதல் "சீரழிந்த கலை" கண்காட்சியில் கேலிக்கு வைத்தார்கள். பிரின்ஸ்ஹார்ன் புத்தகத்தில் மெச்சிய ஃப்ரான்ஸ் கார்ல் பூலர் என்ற நோயாளியை 1940இல் கிராஃபெனெக்கில் விஷவாயுவில் கொன்றார்கள். படங்கள் பத்திரமாக இருக்கின்றன. நம் ஊரில் அவ்வளவு கொடுமை இல்லை. இங்கே பஸ் இல்லை, மாத்திரை இல்லை, அவ்வளவுதான். சுவரில் பட்டாம்பூச்சி பத்திரமாக இருக்கிறது.

தேயிலை மலைக்குப் பாட்டு ஏறிப் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறது. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்க மலையடியில் பண்ணைப்புரம். அங்கிருந்து பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு எல்லை தாண்டித் தோட்டங்களுக்குப் போனார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் மத்தியில் பாடினார். பின்னால் உலகமே கேட்ட அவருடைய தம்பி, 1943இல் பிறந்த ராசய்யா, அண்ணனோடு மேடை மேடையாகத் திரிந்தது அந்த நாட்களில்தான். அந்தக் கூட்டத்தில் யாரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் குழந்தையைத் தேடச் சொல்லவில்லை. கூலியைப் பற்றிப் பாடினார்கள், கங்காணியைப் பற்றிப் பாடினார்கள், கேட்டவர்கள் கேட்டுவிட்டுக் கணக்குக் கேட்கப் போனார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே மருத்துவ வசதி, குடியிருப்பு, பொழுதுபோக்கு வசதி எல்லாம் முதலாளி செய்துதர வழி இருந்தது. அந்தப் பொழுதுபோக்கு பங்களாவுக்குப் போய்விட்டது. ஒரு இரவுக்கு இத்தனை என்று வாடகைக்குக் கிடைக்கிறது.

பாட்டு மட்டுமல்ல, மருந்தும் ஆளைத் தேடிப் போயிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010 முதல் ஒரு பஸ் ஓடியது. சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் பஸ். ஊர் மரத்தடியில் வந்து நிற்கும். உள்ளே திரையில் சென்னையிலிருந்து மனநல மருத்துவர் பேசுவார், மருந்து பஸ்ஸிலேயே கொடுப்பார்கள், இலவசமாக. மனநோய் பற்றிய படங்களையும் ஊரார் பார்க்கப் போட்டுக் காட்டினார்கள். கலை அங்கேயும் இருந்தது, மாத்திரைக்குப் பக்கத்தில், அதற்குரிய இடத்தில்.

அப்படி ஒரு வண்டி அந்த 18 வளைவுகளையும் ஏறட்டும். கொழுந்து எடைபோடும் இடத்தருகே மாதம் இருமுறை நிற்கட்டும். முறையாகப் படித்த ஒரு இசைச் சிகிச்சையாளரையும், இடமிருந்தால் அவருடைய டிரம்மையும் ஏற்றிக்கொள்ளட்டும். அந்தப் பையன் என்றைக்காவது ஒரு தட்டுத் தட்டுவான். இப்படிக் கேட்டு மனுப் போட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரிந்ததுதான். வண்டிக்கு டீசல் தலைப்பில் நிதி இல்லை. டிரைவர் பணியிடம் காலி. மலைக்குப் போக வனத்துறைத் தடையின்மைச் சான்று வேண்டும், புலிகள் காப்பகம் அல்லவா. விழிப்புணர்வு பேனருக்கு மட்டும் போதிய ஒதுக்கீடு உள்ளது, எத்தனை அடிக்கு எத்தனை அடி வேண்டும் என்று தெரிவிக்கவும்.